தெரியாது என்று எழுதியவர்

ஸ்டோரக்கா என்றால் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்கே கொஞ்சம் உதறல்தான். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கும் மருந்துக் கிடங்கு அவள் ராஜ்யம். கையெழுத்தில்லாமல் அங்கிருந்து ஒரு பஞ்சு உருண்டைகூட வெளியே போகாது. "அவசரம்க்கா" என்று மூச்சிரைக்க வருகிற இளம் டாக்டர்களிடம், "ஓடி வரத் தெரியுது, கையெழுத்துப் போடத் தெரியலையா? போடுங்க சாமி, பேனா கடிக்காது" என்பாள். திட்டிக்கொண்டேதான் மருந்தையும் எடுத்து நீட்டுவாள். வாய்தான் அப்படி. நோயாளியோடு வந்தவர்கள் பட்டினியாக உட்கார்ந்திருந்தால் தன் சாப்பாட்டு டப்பாவை அவர்கள் கையில் திணித்துவிட்டு, "எனக்கு இன்னைக்குப் பசியே இல்லை" என்று கூசாமல் புளுகுகிற மனுஷி.

வீட்டில் பஸ் ஓட்டுகிற கணவர், பள்ளிக்கூடம் போகிற மகள், கூடவே ஒரு கொழுந்தன். கொழுந்தனுக்குச் செல்போன் ரிப்பேர் கடை. உலகத்தில் தனக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்பது அவனுடைய அபிப்பிராயம். அண்ணி என்றால் அவனுக்கு உயிர். அதில்தான் வினையே வந்தது.

மகளுக்குப் பல் பிடுங்க வேண்டும் என்று அக்கா ஒரே ஒரு நாள் லீவு போட்டாள். மறுநாள் வந்து அலமாரியைத் திறந்தால் வலி ஊசி மருந்துப் பெட்டி ஒன்றைக் காணோம். சாதாரண மருந்தல்ல அது. உயிர் போகிற வலிக்குப் போடுவது. போதைக்காக வெளியே கொள்ளை விலைக்குப் போவது. அந்த அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று அக்காவிடம், மற்றொன்று மேனேஜரின் டிராயரில். மேனேஜரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? பெட்டியைக் காணோம் என்று ஓடிப் போய்ச் சொன்னவளே அக்காதான். அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

வார்டில் ஓர் அட்டெண்டர் உண்டு. எல்லாரும் அவனை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஸ்டோரக்கா கை வச்சுட்டாங்களாம்" என்று அவன் மாடிக்கு மாடி ஒலிபரப்பினான். போன வாரம்வரை அவள் டப்பாவில் கை விட்டுத் தின்றவன், பாவி!

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "பொய் பிடிக்கிற மெஷின் வச்சுப் பார்த்துடலாம்மா. கட்டாயமில்லை. ஆனா வேண்டாம்னு சொன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். அதில் மாட்டினால் வேலை போகும், போலீசும் வரும் என்பதைச் சொல்லாமல் சொன்னார்.

"ஒண்ணு என்ன சார், ரெண்டு மெஷின் கொண்டாங்க!" என்றாள் அக்கா. வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே ஒழிய, வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனிடம்தான் முதலில் புலம்பினாள்.

கொழுந்தன் விடுவானா? "அண்ணி, பயந்தாலே அந்த மெஷின் பொய்னு காட்டிடும். நான் வீடியோ பார்த்திருக்கேன். நான் சொல்றபடி செய்யுங்க" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தான். மூச்சை எண்ணி எண்ணி இழுக்க வேண்டும், எண்ணி எண்ணி விட வேண்டும். கேள்வி வரும்போது செருப்புக்குள் கட்டைவிரலை மடக்கி அழுத்த வேண்டும். மனசுக்குள் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

"உண்மையைச் சொல்லப் போறவளுக்கு எதுக்குடா டியூஷன்?" என்றார் கணவர். அந்த வீட்டில் அன்று பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்க விட்டாள்.

சோதனை செய்ய வந்தவர் அக்கா வயதுப் பெண்மணி. குட்டை முடி, தடித்த கண்ணாடி, சிரிக்கக் காசு கேட்கிற முகம். முதலில் அவர் மெஷின் பக்கமே போகவில்லை. ராத்திரி தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று விசாரித்தார். பிறகு கேட்கப் போகிற கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

"இதைத் தவிர ஒரு கேள்விகூட வராது. நடுவுல பிடிக்கலைன்னா 'போதும்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கழட்டிடுவேன்."

வாசலில் நின்ற மேனேஜர் தலையை நீட்டினார். "மேடம், அப்படியே என்னைப் பத்தி மொட்டைக் கடுதாசி போடுறது யாருன்னும் ஒரு கேள்வி சேர்த்துக்கங்களேன்."

"அதுக்கு நான் வரலை சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கதவைச் சாத்தினார்.

நெஞ்சில் பட்டை, கையில் பிரஷர் பார்க்கிற பட்டை, விரலில் கிளிப். "அந்தப் பெட்டியை நீங்க எடுத்தீங்களா?" "இல்லை." அக்கா எண்ணி எண்ணி மூச்சு விட்டாள். கட்டைவிரலை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, எழுந்து வந்து பட்டைகளைக் கழற்றினார்.

"மூச்சை எண்ணிக்கிட்டு இருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லையே மேடம்."

"கால் விரலையும் அழுத்துறீங்க. உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு அடியிலயும் ஒரு பட்டை இருக்கு, அதுவே காட்டிக் குடுத்துடும்."

அவ்வளவுதான், அக்கா உடைந்துவிட்டாள். "என் கொழுந்தன் மேடம்! கடன்காரன்! போன் ரிப்பேர் பண்றவன் பேச்சைக் கேட்டு..." என்று அழுகையும் திட்டுமாகக் கொட்டித் தீர்த்தாள். ஏழு ஏழாகக் கழித்ததைக்கூட விடவில்லை. அழுது ஓய்ந்ததும்தான் விஷயம் உறைத்தது. மெஷினை ஏமாற்றப் பார்த்தவள் என்று எழுதிவிட்டால் திருடி என்று எழுதியது போலத்தானே?

"மேடம், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இதை மட்டும் எழுதிடாதீங்க. எங்க வீட்டுல என் சம்பளமும் வந்தாத்தான் அடுப்பெரியும்."

"எழுதித்தான் ஆகணும். நடந்ததை ஒரு தடவை மறைச்சேன்னா, நாளைக்கு உங்களுக்குச் சாதகமா நான் எதை எழுதினாலும் யாரும் மதிக்க மாட்டாங்க."

என்ன நெஞ்சழுத்தம்! கதவைத் திறந்ததும் மேனேஜர் விஷயத்தைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். "மெஷினையே ஏமாத்தப் பார்த்திருக்காங்க, இன்னும் என்ன வேணும்? எடுத்தது இவங்கதான்னு எழுதிக் குடுங்க."

"பயந்தாங்க. யாரோ சொன்னதைக் கேட்டாங்க. நான் கேட்டதும் ஒத்துக்கிட்டாங்க. நான் பார்த்தது இவ்வளவுதான், இதை எழுதுவேன். பெட்டியை எடுத்ததை நான் பார்க்கலையே."

"உங்களுக்குப் பீஸ் குடுக்கிறது நாங்க மேடம்."

"சோதனை பண்றதுக்குக் குடுக்கறீங்க சார். உங்களுக்கு வேண்டிய பதிலைச் சொல்றதுக்கு இல்லை. இன்னொரு நாள் வர்றேன், திரும்பச் செய்யலாம்."

இரண்டாம் முறை கொழுந்தனை வீட்டில் வாயே திறக்க விடவில்லை. அக்கா இருந்தபடி இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்ததும், "இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல மேடம், நான் எடுக்கலைன்னு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"தெரியலை. இந்தக் கோடுகளை வச்சு இப்படின்னும் சொல்ல முடியலை, அப்படின்னும் சொல்ல முடியலை."

"அப்ப நான் திருடியா, இல்லையா?"

"எனக்குத் தெரியலைன்னுதான் எழுதப் போறேன். இதை வச்சு உங்க மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னும் எழுதுவேன்."

"இதுக்கா என்னை ரெண்டு தடவை கட்டி வச்சீங்க?" என்று கத்திவிட்டு வந்தாள் அக்கா. அன்று சாயங்காலம் முழுக்க அந்த அம்மாவின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள்.

ஆனால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு மேனேஜரால் அவளை அசைக்க முடியவில்லை. ஆளைக் காட்டியாக வேண்டுமே அவருக்கு! ஒரு வாரம் கழித்து அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியெல்லாம் போடச் சொன்னார்.

"நீங்க லீவு போட்டதுக்கு முந்தின நாள் ரேடியோ ஸ்டோர் பக்கம் சுத்திக்கிட்டு இருந்தானாமே? பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. உங்க பேரு சுத்தமாயிடும்."

அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி முழுக்க அவள் மானத்தை வாங்கியவன்! ஒரே ஒரு வார்த்தை, தலை நிமிர்ந்து நடக்கலாம். சுத்தியிருப்பான், அவன் சுத்தாத இடம் ஏது? அந்த நேரம் பார்த்து அந்த அம்மாவின் சிரிக்காத முகம் கண் முன்னால் வந்து தொலைத்தது.

"பார்க்கலை சார்" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார். எனக்குத் தெரியாது."

பழி போட ஆள் இல்லை என்றான பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தார்கள். அக்கா லீவு போட்ட அன்று வேலையில் இருந்த எல்லாரையும் கேட்டார்கள். பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த ஒரு சின்ன டாக்டர் போனிலேயே பதறிப்போனார். அன்று நெடுஞ்சாலையில் ஒரு வேன் கவிழ்ந்திருக்கிறது. ஆம்புலன்சில் கிளம்பும்போது மருந்து வேண்டும் என்று அவர் மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறார். மேனேஜர் போன் பேசிக்கொண்டே டிராயரைக் கையால் காட்டியிருக்கிறார். டாக்டர் சாவியைத் திருப்பி வைத்தார், பெட்டியை மறந்துவிட்டார். போய்ப் பார்த்தால் ஆம்புலன்ஸ் சீட்டுக்கு அடியில், கம்பளிகளுக்குக் கீழே பத்திரமாக இருந்தது பெட்டி. மேனேஜர் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்!

ரேடியோ கிடங்கு வாசலில் வந்து, உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றான். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னேரம் ஜெயில்ல இருப்பேன்க்கா" என்றவன் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். அக்கா அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். எத்தனை சுலபமாகச் சொல்லியிருப்பாள்!

மறுநாளே பழம் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவின் அலுவலகத்தைத் தேடிப் போனாள். பழத்தை அவர் தொடவில்லை. "வாங்கக் கூடாதுங்க. உட்காருங்க, டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். பெட்டி கிடைத்த கதையை அக்கா அபிநயத்தோடு சொன்னபோது அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

"நல்லவேளை, நீங்க ஒருத்தராவது என்னை நம்புனீங்க மேடம்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லைங்க. நான் உங்களை நம்பலை. ரெண்டாவது தடவை முடிஞ்சப்ப, எடுத்தது நீங்களாத்தான் இருக்கும்னு என் மனசுல பட்டுச்சு."

"அப்புறம் ஏன் மேடம் அதை எழுதலை?"

"பட்டதை எப்படிங்க எழுதறது? தெரிஞ்சதைத்தானே எழுதணும்."

கணவர் நம்பினார். கொழுந்தன் நம்பினான். அவர்கள் வீட்டு மனிதர்கள், நம்பாமல் என்ன செய்வார்கள்? இந்த அம்மா தன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டே தன் சோற்றைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது அக்காவுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ரொம்ப நன்றி மேடம்" என்று அதற்குப் பிறகுதான் அவளால் மனசாரச் சொல்ல முடிந்தது.