ஏழு வீட்டுக்கு ஒரு டெக்

எனக்குக் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த மறு வருஷம், எங்கள் தெருவில் ஏழு வீட்டில் டி.வி. இருந்தது. கொடைக்கானல் டவர் வந்ததும் ஆளாளுக்கு எப்படியோ ஒன்றை வாங்கிவிட்டார்கள். ஆனால் கேசட் போட்டுப் பார்க்கிற டெக் மூன்று வீட்டில்தான் உண்டு. அதில் ஒன்று எங்களுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த என் அண்ணன், கடையில் ஓடி ஓடித் தேய்ந்த டெக்கைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிச் சீரோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியிருந்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் படம். முன்னறையில் பத்துப் பேர் உட்காரலாம். இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, யாருடைய கொண்டைக்கோ மேலே தெரிகிற பாதிப் படத்தைத்தான் நான் பார்ப்பேன். ஒரு ஞாயிறு எல்லாரும் போன பிறகு, என் வீட்டுக்காரர் மண்ணைக் கூட்டித் தள்ளிக்கொண்டே சொன்னார்:

“ஆளுக எதுக்கு இங்க வரணும்? படத்தை அவிய வீட்டுக்கு அனுப்பி வச்சிருவோம்.”

அவர் நூல் மில்லில் எலக்ட்ரீசியன். சொன்னதைச் செய்கிற கை. அடுத்த வாரமே மதுரைக்குப் போய் ஒயர்ச் சுருளோடு வந்தார். மாடிச்சுவர் வழியாகவும் தெருவுக்குக் குறுக்காகவும் இழுத்து ஏழு வீட்டுக்கும் விட்டார். படம் பார்க்கிற நேரத்துக்கு ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு டி.வி.யில் இதைச் செருகிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஒரு வீட்டில் டெக் ஓடினால் ஏழு வீட்டிலும் படம் தெரியும்.

எந்த வீட்டு டெக் என்பதுதான் பிரச்சனை. எங்கள் டெக் போக, தெருவின் மேற்குக் கோடியில் இருந்த பேண்டேஜ் கம்பெனிக்காரர் வீட்டில் ஒன்று இருந்தது. ரிமோட்டோடு வந்த புது டெக். அவர் மீசையைப் பார்த்தாலே தெருவில் பேச்சு நின்றுவிடும். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசுவார்கள். மூன்றாவது, தெரு நடுவில் இருந்த நர்ஸ் அக்காவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவார். துபாயில் இருந்த அவருடைய தம்பி வாங்கித் தந்த டெக், அட்டைப்பெட்டியை விட்டு முழுசாக வெளியே வந்ததில்லை என்று பேச்சு. தனியாக இருந்தார், வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்திவிடுவார். அதனால் அந்த டெக்கை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். எனக்கும் பெருமைதான். இடைவேளை வரை நன்றாக ஓடியது. பிறகு டெக் சூடேறி, படம் மேலும் கீழுமாக உருள ஆரம்பித்தது. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். பழைய மாடல், கேசட் வைக்கிற மூடி மேல்பக்கம் திறக்கும். அது தானாக எழும்பிக்கொண்டது. நான் மசாலா அரைக்கிற சின்னக் குழவியைத் துணியில் சுற்றி அதன் தலையில் வைத்தேன். அதற்கு அடங்கி ஓடியது. கடைசிச் சண்டை தொடங்கும்போது எங்கள் வரிசைக்குக் கரண்ட் போனது. எதிர் வரிசைக்கு வேறு பேஸ், அதாவது வேறு கரண்ட் லைன், அங்கே கரண்ட் இருந்தது. அவர்கள் டி.வி. எரிகிறது, படம் இல்லை. எதிர் வரிசை முழுக்க வாசலுக்கு வந்து நின்று, வில்லன் செத்தானா இல்லையா என்று எங்களைக் கேட்டது. எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இரண்டாவது ஞாயிறு பேண்டேஜ் மாமா வீடு. அவர் மனைவி, எனக்கு மாமி, எடுத்துச் சொன்னதால் அவர் சம்மதித்தார். படம் அத்தனை துலக்கம், நடிகையின் கம்மல் கல்லை எண்ணலாம். கோடி வீடு என்பதால் கிழக்கே கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மட்டும் பொரிப்பொரியாக விழுந்தது. என் வீட்டுக்காரர் பூஸ்டர் போட்டுவிடலாம் என்றார். படம் முடிந்தது. யாரும் ஒயரைக் கழற்றவில்லை. எல்லாரும் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்த மாமா, மாமியோடு உட்கார்ந்து, ஆறு மாசத்துக்கு முன்னால் நடந்த தன் மகள் கல்யாணக் கேசட்டைப் போட்டார்.

ஏழு வீட்டிலும் கல்யாணம் ஓடியது. அணைக்க யாருக்கும் கை வரவில்லை. வரவேற்பில் எங்களையே நாங்கள் பார்த்தோம். என் வீட்டுக்காரர் மூன்றாவது முறை பாயசம் வாங்குவது தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் மகளைக் கார் ஏற்றுகிற இடம். எல்லாரும் காரைச் சுற்றி நிற்க, வீடியோக்காரர் கேமராவை மண்டபத்துக்குள் திருப்பியிருக்கிறார். அங்கே பேண்டேஜ் மாமா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் ஆளுக்கொருத்தர் அவரிடம் நின்று, மகள் சௌக்கியமா, எப்ப வாராக என்று கேட்டிருக்கிறார்கள். அதுவரை அவரிடம் மணிகூடக் கேட்டதில்லை. நாலாவது ஆள் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“எல்லாரும் பாத்தீயளா?” என்று என்னைக் கேட்டார்.

பார்த்தோம் என்றேன். தன் வீட்டு டெக் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமில்லை, கூச்சம். ஆனால் அன்று சாயங்காலமே மாமி வந்து, அந்தக் கேசட்டை இன்னொரு தரம் போட முடியுமா, முதல்தடவை சத்தம் குறைவாக இருந்தது என்று ரகசியமாகக் கேட்டார். கிழக்குக் கடைசி வீட்டுக்காரர்கள் தங்கள் கல்யாணக் கேசட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். எங்கள் பழைய டெக்கை நம்ப முடியாது, போடுவதற்குத்தான் டெக் இல்லை.

என் வீட்டுக்காரர் மாடிமேல் ஏறி ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கிவந்து, எல்லாவற்றுக்கும் தோதானது நர்ஸ் அக்கா வீடுதான் என்றார். நடு வீடு, அதனால் இரு பக்கமும் படம் ஒரேமாதிரி போகும். டெக்கும் புதுசு. அதைவிட முக்கியம், அந்த வீட்டில் முன்பு மாவு மில் ஓடியதால் மூன்று பேஸும் இருக்கிறது. ஒன்று போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போய்க் கேட்பது யார்? என்னைத் தள்ளிவிட்டார்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். ஈரத் தலையில் துண்டோடு வந்தார். சொல்ல நினைத்ததெல்லாம் குழறிவிட்டது. ஒயர், பேஸ், கல்யாணக் கேசட் என்று உளறிக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். டியூட்டி மாறிமாறி வருமே, ஞாயிறு வீட்டில் இருப்பேன் என்று சொல்ல முடியாதே என்றார். சரிதான், இதுவும் இல்லை என்று நான் திரும்பினேன். அவர் உள்ளே போய் ஒரு சாவியோடு வந்தார்.

“இதை நீயே வச்சுக்கோட்டி. நான் இல்லாட்டியும் தொறந்து போடு.”

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். பொறவு அவரே சொன்னார்:

“நான் யாரையும் வராதீயன்னு சொல்லலையே. யாரும் வரல.”

அன்றைக்கே நாங்கள் இருவரும் அட்டைப்பெட்டியைப் பிரித்தோம். டெக்கின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க அவருக்கு மனசில்லை, நான்தான் உரித்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, எந்தப் பொத்தான் எதற்கென்று அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். அவர் சத்தமாகச் சிரிப்பார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அதன்பிறகு வாராவாரம் அங்கேதான். அண்ணன் கேசட்டைப் பேப்பரில் சுற்றி அக்காவிடமே ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவான், சில நாள் பால்கோவாவோடு. படம் முடிந்ததும் ஒரு வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, ஏதாவது ஒன்று. கேபிள் டி.வி. வந்து எங்கள் ஒயருக்கு வேலையில்லாமல் போகிறவரை இரண்டு மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

அதில் ஒரு ஞாயிறு. அக்காவுக்குக் காலை டியூட்டி. இரண்டரைக்கு வந்துவிடுவார், அவர் ரொம்ப நாளாகக் கேட்டிருந்த படம். மூன்று மணியாகியும் ஆளைக் காணோம். நான் கேசட்டை வைத்துவிட்டுப் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் போடவில்லை என்று ஒரு வீட்டிலிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை. ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேண்டேஜ் மாமாவும் நின்றார்.

மூன்றரைக்குத் தெருமுனையில் அக்கா திரும்பினார். தெருவே வாசலில் நிற்பதைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். “யாருக்கு என்ன?” என்றார் மூச்சு வாங்க.

“யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. படம் இன்னும் போடல,” என்றேன் நான், வாசலுக்கு வந்து.

“சாவி ஒங்கிட்டதான இருக்கு?”

“இருக்கு. நீங்க வராம எப்படிப் போட?”

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவை ஒருமுறை பார்த்தார். அறிவு கெட்டவளே என்று என்னைத் திட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. மூஞ்சி கழுவ அஞ்சு நிமிஷம் கேட்டு உள்ளே போனார். கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான் பொத்தானை அமுக்கினேன். ஏழு வீட்டிலும் ஒரே சமயத்தில் பாட்டு எழும்பித் தெரு முழுக்கக் கேட்டது.