அடுப்பு மூட்டாத ஏகாதசி

மகன் பட்டாளத்துக்குப் போன அந்தச் சண்டை வருஷம், என் ஐம்பத்தெட்டு வயதில், தேவதானப்பட்டிக்கு மேற்கே பொட்டல்காட்டில் கம்புப் பயிர்க் காவலுக்குத் தனியாகக் குடிசை போட்டேன். ஆள் அரவமே கிடையாது. எதிர்க் கரட்டில் ஆடு மேய்க்கும் ஒருவர் மட்டும் தெரிவார். வந்த முதல் நாளே, "ஆடு இங்கன வந்தா காலை ஒடிச்சிருவேன்" என்று அவரை விரட்டியிருந்தேன். அதோடு பேச்சில்லை.

மார்கழி ஏகாதசிக்கு விரதம் இருந்தேன், அடுப்பு மூட்டவில்லை. உச்சிவெயிலில் அவர் கூழ்க் கலயத்தோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்னாச்சு ஆத்தா? காலையில புகையக் காணலையே!"

"விரதம்யா" என்றேன். அவர் சிரித்தபடி திரும்பிப் போனார்.

இத்தனை நாளும் நான் தனியாக இருப்பதாகவே நினைத்திருந்தேன். அதன்பிறகு அறுவடை முடியும்வரை, சமைக்க ஒன்றுமில்லாத நாளிலும் நாலு சுள்ளியை வைத்து அடுப்பைப் புகையவிட்டேன்.