மேட்டின் ஜனத்தொகை

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலக்காடு முடிந்து புல் தொடங்கும் இடத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது. எந்தப் பலகையிலும் அதற்குப் பெயர் எழுதியிருக்கவில்லை. கீழே இருப்பவர்கள் 'மேடு' என்றார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். கிழக்கே மலை சட்டென்று அறுந்து, தமிழ்நாடு புழுதி நிறத்தில் கீழே கிடக்கும். காலையில் அங்கிருந்து ஏறிவரும் காற்று கூரைப் புல்லைப் பிய்க்கும். மேற்கே ஓடை. தெற்கே வெறும் பாறை, துணி காயப்போட நல்லது. வடக்கே பூப்பாறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் அந்தப் பாதை இன்னொரு ஓடையாகிவிடும்.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்குமுன் வாளையாரில் லாரிக்குச் சுண்ணாம்பு மூட்டை ஏற்றினேன், தூசி நெஞ்சில் இறங்கியதும் விட்டேன். மாட்டுப்பட்டியில் மாட்டுக்குப் புல் அறுத்தேன், குளிரில் கை வெடித்ததும் விட்டேன். படிப்பையும் ஐந்தாம் வகுப்போடு அப்படித்தான் விட்டிருந்தேன். மேட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் போடி, தேவாரம் பக்கத்து ஆட்கள். சில குடும்பங்கள் திருநெல்வேலி. ஆண்களும் பெண்களும் ஏலக்காட்டில் வேலை பார்த்தார்கள். பாலக்காட்டுக்குக் கிழக்கேயிருந்து வந்தவன் நான் ஒருவன்தான்.

"என்னங்க, சாப்பிட்டீங்களாங்க" என்று என் பேச்சை எனக்கே திருப்பிச் சொல்லிப் பெண்கள் சிரிப்பார்கள்.

நான் தங்கியிருந்த குடிசைக்கு அடுத்த குடிசையில் என் வயதுள்ள ஒருவனும் அவன் மனைவியும் இருந்தார்கள். அவளுக்கு இரண்டு பிரசவம் ஆகி, இரண்டு குழந்தையும் தங்கவில்லை. இரண்டாவது முறை நானும் இருந்தேன். மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, அவளை அதில் படுக்க வைத்து, நாலு பேர் மாறி மாறிச் சுமந்துகொண்டு மழையில் இறங்கினோம். பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது. அழவில்லை. அவளை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மறு வருஷம் அவள் மறுபடியும் உண்டானாள். அந்தச் சமயத்தில்தான் சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு மேலே வந்தார். மலையாளி, நல்ல மனிதர். பிள்ளைகளும் பெண்களும் போதுமான அளவு இருந்தால், பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஒருவரை மேட்டிலேயே தங்க வைக்க எழுதலாம் என்றார். ஜனத்தொகை தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒன்றைத்தான் அவரால் வாங்க முடியவில்லை.

"குட்டிகள் எத்தன உண்டு?" என்று முதல் வீட்டில் கேட்டார்.

"ஏதோ ஒண்ணு ரெண்டு கெடக்கு சார்" என்றாள் ஐந்து பெற்றவள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுன்னே வைங்க."

அடுத்த வீட்டில், "சாமி குடுத்தது இருக்கு" என்றார்கள். பிள்ளைகளை எண்ணினால் கண்பட்டுக் குறைந்துபோகும். அதிலும் ஊர் பேர் தெரியாத ஆள் விரல் நீட்டி எண்ணினால் கேட்கவே வேண்டாம். என் பக்கத்து வீட்டுக்காரி உண்டாகியிருப்பதை அவர் காதில் போட யாருமே வாய் திறக்கவில்லை. அவளும் உள்ளேயே இருந்தாள். அவள் புருஷன் மட்டும் பாதை முனைவரை அவர் பின்னால் போனான்.

"நீங்க சொல்றத எழுதினா, இவிடெ பத்து குட்டிகூட இல்ல. பத்து குட்டிக்கு நர்ஸ் வராது, கேட்டோ" என்றார் அவர்.

"இன்னொருக்கா வாங்க சார். வார வெள்ளிக்கிழமை வந்தா இங்கனயே சாப்பிடலாம்" என்றான் இவன்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தான். இந்தக் குழந்தையாவது தங்கவேண்டும் என்று. வேறு யோசனை எதுவும் அவனுக்கு அப்போது இல்லை. விருந்து என்றால் ஒரு மனிதரைக் கூப்பிடுவது முறை, கூப்பிட்டான்.

அவர் நிஜமாகவே வந்தார். ஓடைக்கரையில் வெட்டிய வாழையிலையை நறுக்கிப் பாறைமேல் போட்டோம். முதல் பந்தி முழுக்கப் பிள்ளைகள். அடுத்தது பெண்கள். ஆண்கள் கடைசியில். விருந்தாளி என்பதால் இலாகாக்காரருக்கு மட்டும் பெண்கள் பந்தியின்போதே ஓரமாக இலை போட்டோம். பரிமாறியது நானும் ஒரு திருநெல்வேலிக்காரரும். சோறு போதுமா என்று அடுப்படியிலிருந்த பெண்ணுக்குக் கவலை.

"அண்ணே, பிள்ளைக பந்தியில எத்தனை எலை விழுந்துச்சு?" என்று சத்தமாகக் கேட்டாள்.

திருநெல்வேலிக்காரர் எச்சில் இலைகளை எண்ணி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. எந்த ஊரில் எந்த விருந்தானாலும் இலையை எண்ணத்தானே செய்கிறோம். எண்ணாவிட்டால் அடுத்த பந்திக்கு எப்படி உலை வைப்பது?

இலாகாக்காரர் கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "பெண்கள் எல எத்தன?" என்று அவரும் கேட்டார்.

அதையும் சொன்னார்கள். ஒருத்தி, "அதுல ஒரு எலைக்கு ரெண்டு பேரு சார்" என்று பக்கத்து வீட்டுக்காரியை முழங்கையால் இடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை வழித்துச் சாப்பிட்டாள். கைக்குழந்தைகளுக்கு இலை போடவில்லையே என்று அவர் கேட்டதற்கு, மடியில் கிடந்தவற்றுக்கும் ஆளுக்கொரு சின்ன இலைத்துண்டு போட்டு, அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த இலைக் கணக்கையே அவர் எழுதிக்கொண்டு போனார். நர்ஸுக்கு ஆர்டர் வர மாதக்கணக்காகும் என்று நினைத்தோம். பருவமழை பிடித்த இரண்டாம் வாரத்திலேயே நர்ஸ் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். திருச்சூர் பக்கத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம். பாதையைப் பற்றி, அட்டையைப் பற்றி, எங்கள் பீடிப் புகையைப் பற்றி நாள் முழுக்கத் திட்டுவார். திட்டிக்கொண்டே வீடு வீடாகப் போவார்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆடி மாதம் ஒரு பகலில் வலி கண்டது. வெளியே மழை. பழைய பழக்கத்தில் நாங்கள் நாலு பேரும் மூங்கிலை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றோம்.

"அது எதுக்கு? போய் வெந்நீர் வைக்கான் நோக்கு" என்றார் நர்ஸ்.

நாங்கள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது உள்ளே குழந்தை அழுதது. நல்ல பெரிய குரல். அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "சுக்கும் கருப்பட்டியும் வேணுமாம். போயிட்டு வர்றியாடா?" என்றான்.

மழை விட்டிருந்தது. அதற்குமுன் அந்தப் பாதையில் பாரமில்லாமல் நான் இறங்கியதாக நினைவில்லை. அன்று தோளில் ஒரு துண்டு மட்டும்தான். அவசரமும் இல்லை. வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்து, அது முடியும்வரை இருந்துவிட்டுத்தான் பூப்பாறைக்கு இறங்கினேன்.