புரட்டாசித் தால்சா

என் நாத்தனார் என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. எப்போது வந்தாலும் வாசலோரத்து நாற்காலியில் உட்காருவார், "இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்" என்பார், போய்விடுவார். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். என் சட்டியில் மீன் வெந்திருக்கும் என்பது அவர் கணக்கு. வெந்ததுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகத் தண்ணீருமா ஆகாது?

போன புரட்டாசியில் தன் ஊரான கோலா கங்சாரிலிருந்து அவரே போன் செய்தார்.

"சனிக்கெழம படையலுக்கு வாரேன். இந்த வருசம் பாலு, நெய்யி, தயிரு எல்லாம் விட்டுட்டேன். முடிஞ்சா எதாச்சும் செய், இல்லாட்டி பரவால்லலா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்ற வருடங்களில் படையல் சமையல் என் கணவர் கையில்தான். இந்த முறை நானே வைக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த மனுஷி என் கையால் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. புதுச் சட்டி, புது அகப்பை, புது உப்புப் பொட்டலம் எல்லாம் வாங்கினேன். கணவர் சிம்பாங் பூலாய்ப் பக்கம் போய்க் காய்கறி அள்ளிக்கொண்டு வந்தார்.

தால்சா வைத்தேன். பருப்பைக் குழைய வேகவிட்டு, பட்டையும் சோம்பும் கறிவேப்பிலையும் எண்ணெயில் தாளித்து, கத்தரிக்காய், கேரட், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு. கடைசியில் புளியும் தேங்காய்ப்பாலும். எங்கள் ஊர் ஜெலாப்பாங் முழுக்க மணக்கிறது என்றேன். "நம்ம மாடி வரைக்கும்னு வெச்சுக்க" என்றார் கணவர்.

படையலுக்கு வைப்பதை முன்னாலேயே ருசி பார்க்கக் கூடாது. நானோ நாக்கை நம்பிச் சமைக்கிறவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உப்பை அள்ளிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

சாமி கும்பிட்டு முடித்தோம். நாத்தனார் இலையில் தால்சாவைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். நான் பயந்துகொண்டே தொட்டு நக்கினேன். கடல் தண்ணீர்.

"உப்பு நீ போட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"நானும் போட்டேனே," என்றார் கணவர். "நீ குளிக்கப் போனப்ப. போட்டுட்டு சத்தமா சொன்னேனே."

நாத்தனார் என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

"என்னக்கா சொல்லணும்?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கோயில் சமையலுக்குப் பல கைகள் சேரும். யாரும் ருசி பார்க்க முடியாது. அதனால் உப்பு போட்டவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "உப்பு போட்டாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். என் குரல் வரவில்லை, நான் போடவில்லை என்று நினைத்து இவரும் போட்டிருக்கிறார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இதை என்னிடம் சொல்ல இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தார்தான். கையைக் கழுவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என் அடுப்படிக்குள் போனார்.

"உருளைக்கெழங்கு இன்னும் இருக்கா? பருப்பு? தேங்கா?"

எல்லாம் இருந்தது. நான் கிழங்கு நறுக்கினேன், அவர் தம்பி தேங்காய் துருவினார். தன் முதல் படையலில் புளியைக் கொட்டிக் கவிழ்த்த கதையைச் சொல்லிக்கொண்டே நாத்தனார் கிண்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. தால்சா சட்டியின் விளிம்புவரை ஏறிவிட்டது. படையல்தான் முடிந்துவிட்டதே, அகப்பையிலிருந்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். இப்போது உப்பு கம்மி.

கையை நீட்டி அலமாரியிலிருந்த பழைய ஜாடியை எடுத்தார்.

"அக்கா, அது மீன் கொழம்புக்கு எடுக்குற உப்பு."

"உப்புக்குத் தெரியுமா மீனா பருப்பான்னு," என்று ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார்.

நாங்கள் இருவரும் பக்கத்திலேயேதான் நின்றோம். இருந்தாலும் என் அடுப்படியில் நின்று, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"உப்பு போட்டாச்சு."