சாந்தாமணியக்கா திரும்பிப் பார்த்த ராக்கெட்டு

கெணத்துக்கடவுல சாந்தாமணியக்காளுக்குப் பயப்படாத தேங்கா ஏவாரி கிடையாதுங்க. புருசன் போனப்ப மகன் மோகன்குமாரு பள்ளிக்கூடத்துல, மக நந்திதா மடியில. கொழுந்தனுங்க தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வந்தாங்க. "காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க"ன்னு அனுப்பிப்போட்டு, மறுநாளே மொபெட் ஓட்டிப் பழகுன மனுசி அது. மோட்டார் நின்னுபோனா கெணத்துக்குள்ள தானே எறங்கும். அப்பேர்ப்பட்டது, நல்ல காரியம் நடக்கற எடத்துல மட்டும் ஒளிஞ்சுக்கும். தாலியறுத்தவ முன்னால நிக்கப்படாதுன்னு எவளோ எப்பவோ சொன்னதை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்துச்சு. எனக்கு அதை நெனைச்சாலே பத்திக்கிட்டு வரும்.

நான் பங்காரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல இருக்கற ஸ்டுடியோ எங்களுது. எங்கூட்டுக்காரர் சுந்தரராஜுலு கல்யாணப் போட்டோ எடுக்கறவரு. மோகன்குமாரு கல்யாணத்துக்கும் அவருதான். அவன் தாலி கட்டறப்ப அக்கா சமையக்கட்டுல நின்னு சாம்பாருக்கு உப்புப் பாத்துட்டு இருந்துச்சு. பெத்த மகன் தாலி கட்டுனதை அது பாத்தது எங்க ஆல்பத்துலதான்.

எங்கூட்டுக்காரரு வேலை செய்யற விதத்தையும் சொல்லிப்போடறேன். முகூர்த்த நேரத்துல சொந்தக்காரங்க மணவறையை மொய்ச்சுக்குவாங்க, லென்சுல முதுகுதான் தெரியும். அதனால இவரு காமெராவைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு காதை மட்டும் தீட்டிக்கிட்டு நிப்பாரு. கெட்டிமேளம் கேட்டா வெரல் தானா அமுக்கும். ஒரு முடிச்சு தப்புனதில்லைங்க. அதுல அவருக்கு ஏகப்பட்ட தலைக்கனம்.

மோகன்குமாருக்கு ஸ்ரீஹரிகோட்டாவுல, ராக்கெட் உடற எடத்துல வேலை. அவன் வேலை செஞ்ச மொத ராக்கெட்டைத் தொண்ணூத்தி மூணுல உட்டாங்க. அக்கா ஊட்டுக் கூடத்துல டிவி போட்டு, அக்கம்பக்கம் எல்லாம் கூடி, அக்காளைப் புடிச்சு முன்னால ஒக்கார வெச்சோம். நல்லாத்தான் மேல போச்சு. அப்புறம் கடல்ல உளுந்துருச்சுன்னு சேதி வந்துச்சு. கூட்டத்துல ஒருத்தி வாயைத் தொறந்தா: "இவ முன்னால ஒக்காந்தா எப்படிங்க வெளங்கும்?" நான் அவளை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்குனேன். ஆனா அக்கா மனசுல அது முள்ளா ஏறிருச்சு. மகனும் அந்தத் தீவாளிக்கு வரல, பொங்கலுக்கும் வரல. ஃபோன்ல பேசுனா ரெண்டு வார்த்தை. தன்னாலதான்னு அக்கா முடிவே கட்டிப்போடுச்சு.

அடுத்த வருசம் ரெண்டாவது ராக்கெட்டு. "அம்மா, நீ வரோணும்"னு மகன் கூப்புட்டான். அக்கா நேரா ஸ்டுடியோவுக்கு வந்துச்சு.

"ராஜுலு, நீங்களும் வாங்க. நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். நீங்க போட்டோ எடுத்துக் குடுங்க, ஊட்டுக்கு வந்து பாத்துக்கறேன். பங்காரு, நீயும் வா கண்ணு. அங்க தெலுங்குதான் பேசுவாங்களாமா, நீங்க ஊட்டுல பேசறதுதானே."

சரஸ்வதி பூசைக்குக் காமெராவுக்கு வெச்ச சந்தனப் பொட்டு அழியறதுக்குள்ள ரயிலேறிட்டோம். கோயமுத்தூர்ல ஒரு ஸ்டுடியோவுல முழங்கை நீள லென்ஸ் ஒண்ணு வாடகைக்கு எடுத்திருந்தாரு. அக்கா வழி நெடுக ஒரு வாய் சாப்புடல. ரயிலு எங்காச்சும் சும்மா நின்னாக்கூட, "என்ன கண்ணு, நின்னுபோச்சு?"ன்னு என் கையைப் புடிச்சுக்கும். எனக்கும் அதே நெனப்புத்தான். இதுவும் உளுந்துபோச்சுன்னா இந்தப் பொம்பளை மறுபடி தலை நிமிராதே!

சூளூர்ப்பேட்டை தாண்டி ஏரிக்கரை. தண்ணிக்கு அந்தாண்ட, கண்ணுக்கெட்டாத தூரத்துல மரக்கூட்டம், அங்கிருந்துதான் கெளம்புமாம். கரையில நல்ல கூட்டம். எங்கூட்டுக்காரரு ஸ்டாண்டை நட்டு, லென்சை மரத்துக்கு நேரா வெச்சு, வெரலைப் பொத்தான் மேல வெச்சுக்கிட்டாரு. அக்கா ஏரிக்கு முதுகைக் காட்டி, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்குச்சு. உதடு மட்டும் மாசாணியம்மாவைக் கூப்புட்டுட்டே இருந்துச்சு.

திடீர்னு மரத்து மேல ஒரு வெளிச்சம். கூட்டம் ஓன்னு கத்துச்சு. நெருப்பு மெதுவா மேல ஏறுது. சத்தமே இல்லை!

"ஏனுங்க, எடுங்க!"

"இரு பங்காரு, இன்னும் சத்தம் வரல."

"அய்யோ, மேல போகுதுங்க!"

"சத்தம் வருட்டுமுன்னு சொல்றனல்லோ!"

அவ்வளவு தூரத்துச் சத்தம் பொறவுதான் வந்து சேருமுன்னு அந்த மனுசனுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. லென்சுக்குள்ள பொகையைப் பாத்துட்டு, கெட்டிமேளத்துக்குக் காத்துட்டு நிக்கறாரு. ராக்கெட்டு லென்சை உட்டே போயிருச்சு. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிருச்சு. மகன் கல்யாணத்துக்காவது ஆல்பம் இருந்துச்சு, இதுக்கு அதுவும் இல்லாமப் போகப்போகுதேன்னு, அக்கா தோளைப் புடிச்சு ஒரே திருப்பா திருப்புனேன்.

"கண்ணைத் தொறங்கக்கா! போட்டோ கிடையாது, ஒண்ணும் கிடையாது. இப்பப் பாத்தாத்தான் உண்டு!"

அக்கா பாத்துருச்சு. வாயைப் பொளந்து, கழுத்தை அண்ணாந்து பாத்துருச்சு. அப்பத்தான் சத்தம் வந்துச்சுங்க. மதுக்கரையில பாறைக்கு வெடி வெக்கறாப்பல, அது நிக்காம வந்துட்டே இருந்தா எப்படி, அப்படி. நெஞ்சுக்கூடு அதிர்ந்துச்சு. எங்கூட்டுக்காரரு வெரலும் அப்பத்தான் அமுக்குச்சு.

வெளிச்சம் புள்ளியாகி மறைஞ்சதும் அக்கா மண்ணுல ஒக்காந்துருச்சு. "பாத்துப்போட்டனே பங்காரு... நான் பாத்துப்போட்டனே..." போன தடவையும் இப்படித்தான் நல்லா ஏறுச்சு, அப்புறந்தானே உளுந்துச்சு. திருப்புனவ நானு. உளுந்துபோச்சுன்னா இந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கரைப்பேன்?

டீக்கடை ரேடியோவைச் சுத்தி ஆளுங்க மூச்சு உடாம நின்னாங்க. அக்கா என் மணிக்கட்டைப் புடிச்ச புடியில வளையலு பதிஞ்சுருச்சு. தெலுங்குல என்னமோ சொல்லிட்டே போறான், வேணுங்கறதை மட்டும் சொல்ல மாட்டீங்கறான், படுபாவி. கடைசியில சொன்னான். நான் ஒருக்கா கேட்டது பத்தாம பக்கத்துல நின்ன ஆளையும் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

"போய்ச் சேந்துருச்சுக்கா! எங்க சேரோணுமோ அங்கயே போய்ச் சேந்துருச்சு!"

அக்கா அழுதுச்சு பாருங்க, புருசன் சாவுலகூட நான் அப்படிப் பாத்ததில்லை. சாயங்காலம் மோகன்குமாரு தாடியும் கசங்குன சட்டையுமா வந்து நின்னான்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் கண்ணு. நேரா நின்னு பாத்தேன்."

ஃபிலிமைக் கழுவுனா வெறும் பொகையும் மரமுந்தான். எங்கூட்டுக்காரரு ரெண்டு நாளு ஸ்டுடியோவைத் தொறக்கல. அக்கா அந்தப் படத்தைத் தேடிக்கூட வரல.

அடுத்த தையில நந்திதாவுக்குக் கல்யாணம். கெட்டிமேளம் கேட்டுச்சு, வெரல் அமுக்குச்சு. கழுவிப் பாத்தா மாப்பிள்ளையும் இல்லை, பொண்ணும் இல்லை, தாலியும் இல்லை. எல்லாத்துக்கும் முன்னால, மணவறை மேலயே ஏறி நின்னு, அட்சதைக் கையைத் தூக்கிட்டு, சாந்தாமணியக்காளோட முதுகுதான் படம் பூரா. இவரு தலையில கையை வெச்சுக்கிட்டாரு. அக்கா அதைத்தான் பெருசாப் போடச் சொல்லி, சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்குது.