காதர் பாயின் வெறுங்கால்

காதர் பாய் போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்... நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கட்டிலில் வேறு ஆளைப் படுக்க வைத்திருந்தார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாக்கா டவுனில் மாத்தா, அதாவது போலீஸ்காரர். நாங்கள் போம்பாக்காரர்கள் நெருப்பணைக்கப் போகிற இடத்திலெல்லாம் எங்கள் ஹோஸுக்குக் காவல் நிற்பதுதான் அவருக்கு டியூட்டி.

சிரிக்காதீர்கள். பம்பு தெருக்கோடியில் நிற்கும். நாங்கள் எரிகிற வீட்டுக்குள் இருப்போம். நடுவில் தெரு நெடுக கான்வாஸ் ஹோஸ் கிடக்கும். ஒரு மாட்டுவண்டி அதன் மேல் ஏறி நின்றால் போதும்... உள்ளே இருப்பவன் கரி.

முதல் தடவை நான் பார்த்தபோது பூட்ஸைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலை ஹோஸ் மேல் வைத்தபடி நின்றார்.

"என்னா பாய், சார்ஜென்ட் பாத்தா தொலைச்சிடுவான்."

"பூட்ஸ் போட்டா தண்ணி ஓடுறது தெரியாது தம்பி. வெறுங்கால்ல துடிக்கும். துடிப்பு நின்னா, எவன் மிதிக்கிறான்னு ஓடிப்போயிப் பாப்பேன். இல்லன்னா உன்ன நாளைக்குக் கூட்டித்தான் அள்ளணும்."

சார்ஜென்ட் பார்த்தான். மறுநாள் முழுக்க அவரை வெயிலில் டிரில் செய்ய வைத்தான். அடுத்த நெருப்பிலும் பூட்ஸ் தோளில்தான்.

செத்துவிட்டார் என்பதற்காக அவரை நல்லவர் என்று எழுத மாட்டேன்.

பண்டார் ஹிலிரில் ஒரு மளிகைக் கடை எரிந்த அன்று, ஒருவன் அரிசி மூட்டையைத் திருடி வண்டியில் போட்டுக்கொண்டு ஹோஸ் மேலேயே ஓட்டப் பார்த்தான். காதர் பாய் அவனைக் கீழே இழுத்துப் போட்டுத் தடியால் அடித்தார். இரண்டு பல் தெருவில் விழுந்தது. அதற்குப் பிறகும் அடித்தார்.

சாயங்காலம் காப்பிக்கடையில் கேட்டேன்.

"பசிச்சவன் எடுத்தான். அதுக்கா பாய் இந்த அடி?"

"அரிசிய எவன் வேணா தின்னட்டும்டா. அவன் வண்டி ஏறியிருந்தா உன்னத்தான் மூட்டையா கட்டியிருப்போம்."

"கீழ விழுந்தப்புறம் ஏன் அடிச்சீங்க?"

காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். "கை நிக்கல."

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம்... காஜா பெராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் ஒரு வரிசை தீப்பிடித்துக்கொண்டது. கூலிக்காரர்களும் வண்டிக்காரர்களும் இருக்கிற வரிசை. அதை ஒட்டியே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ரப்பர் கிடங்கு. அதன் கூரையிலும் நெருப்பு ஏறிவிட்டது.

எங்களிடம் இருந்தது ஒரே பம்பு, ஒரே ஹோஸ். எங்கள் வெள்ளைக்காரத் துரை கையை நீட்டிக் கிடங்கைக் காட்டினார்.

ஒரு மனிதன்கூடக் குடியிருக்காத கிடங்கை.

நான் போனேன். அதையும் எழுதிவிடுகிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கூட ஒருவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனவன் நான்தான். ரப்பர் எரிகிற புகையில் நம் கையே நமக்குத் தெரியாது. தண்ணீர் வருகிற வரைக்கும்தான் அங்கே உயிர்.

வெளியே நடந்ததைப் பம்புக்காரன் பிறகு சொன்னான்.

ஜனங்கள் கல்லெறிந்தார்கள். மற்ற மாத்தாக்கள் லாரிக்குப் பின்னால் பதுங்கிவிட்டார்கள். காதர் பாய் மட்டும் ஹோஸ் மேல் கால் வைத்தபடி நின்றிருக்கிறார், நெற்றியில் ரத்தத்தோடு.

முனியன் என்ற வண்டிக்காரன் பாராங் கத்தியோடு வந்தான். ஹோஸை வெட்டினால் தண்ணீர் அங்கேயே பீச்சியடிக்கும், வாளியில் பிடித்துத் தன் வீட்டுக்கு ஊற்றலாம் என்பது அவன் கணக்கு.

"தள்ளு பாய். கொட்டாயில மாடு ரெண்டும் கட்டிக் கெடக்கு. கிட்டப் போக முடியல. நீங்க ரப்பரக் குளிப்பாட்டுறீங்களா?"

"உள்ள ரெண்டு பேரு இருக்கானுங்க முனியா."

"மாடு கத்துறது கேக்குதா ஒனக்கு?"

"கேக்குது."

இந்தத் தடவை அவர் தடியை ஓங்கவில்லை. அதைத் தூர எறிந்துவிட்டு ஹோஸ் மேல் குப்புறப் படுத்துவிட்டார்.

முதல் வெட்டு தோளில். இரண்டாவது மண்டையில். அப்புறம் யார் யாரோ மிதித்தார்கள்.

ஹோஸில் ஒரு கீறல் இல்லை. எங்களுக்குக் கடைசி வரை தண்ணீர் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, பதுங்கியிருந்த மாத்தாக்கள் வெளியே வந்து துப்பாக்கிக் கட்டையால் முனியனின் இரண்டு கையையும் உடைத்தார்கள். இப்போது லாக்கப்பில் கிடக்கிறான். பாய் செத்துவிட்டதால் இனி அவனுக்குத் தூக்கு. கிடங்கைக் காட்டின கைக்கு ஒன்றும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை பாயைப் பார்க்கப் போனேன். தலை முழுக்கக் கட்டு. கால் மட்டும் போர்வைக்கு வெளியே, அடிப்பாதம் கறுத்துக் காய்த்துப்போய்...

"தண்ணி நின்னுச்சா?"

"ஒரு நிமிசம்கூட நிக்கல பாய்."

"ரப்பர்?"

"பொழச்சிருச்சு."

"அது பொழைக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கண்ணைத் திறந்தார். "அவன் மாடு... கத்திக்கிட்டே இருந்துச்சே."

"யாரோ அவுத்து உட்டுட்டாங்க பாய். கிளேபாங் பக்கம் மேயுதாம்."

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தோள் கொடுக்க முடிந்தவர்கள் வாருங்கள்.

பாய்... மாட்டைப் பற்றிச் சொன்னது பொய். இரண்டும் கட்டின இடத்திலேயே கிடந்தன. உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போய் வாருங்கள்.