அடுத்தவர் ஆளை அசைக்கக் கூடாது

கண்ணாடிக்காரர் நாற்பதைத் தாண்டியவர். அத்தனை வருஷமும் அரை வாக்கியங்களிலேயே காலம் தள்ளியவர். மீதி அரையை யாராவது முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அவருக்குப் பேச்சு திக்கும். முதல் சொல் வந்துவிடும், அடுத்தது தொண்டையில் உட்கார்ந்துகொண்டு அடம்பிடிக்கும். அதற்குள் எதிரே நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். "பஸ் ஸ்டாண்டா? நேரா போங்க" என்பார். இவர் கேட்க வந்தது கடைசி பஸ் போய்விட்டதா என்று. இருந்தாலும் தலையாட்டிவிட்டு நேரே நடப்பார். என்ன செய்வது, ஊர் உலகத்துக்கு அவ்வளவு அவசரம்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைக் கல்லில் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் அந்தக் கல்லோடு பேச வேண்டியதில்லை என்பதற்காகவே தேடிப் பிடித்த வேலை. முன்னறையில் பேசுவதற்கு முதலாளி இருக்கிறார். அவர் பேச ஆரம்பித்தால் வந்தவர்கள் கண் மங்கலை மறந்துவிட்டுக் காது வலியோடு போவார்கள்.

வீட்டில் அக்கா. பள்ளிக்கூடத்தில் பையன்கள் சூழ்ந்துகொண்டு சிரித்தபோது குறுக்கே புகுந்து, தம்பியின் வாக்கியத்தை முதன்முதலில் முடித்துவைத்தவள் அவள்தான். அன்று ஆரம்பித்தது இன்றுவரை நிற்கவில்லை. காலையில் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு "சக்கரை..." என்று இழுப்பார். "பத்தலையா? இரு" என்று இன்னொரு கரண்டி அள்ளிப் போடுவாள். பாசத்தோடுதான். பாகு மாதிரி இருக்கும் அந்தப் பாசத்தை மனிதர் மடக்கென்று குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

இப்பேர்ப்பட்டவர் போனில் ஒரு வக்கீல். முகம் தெரியாத ஆறேழு பேர் ஒரு குழுவில் சேர்ந்து கதை எழுதுகிறார்கள். கற்பனையான ஒரு துறைமுகம், ஆளுக்கொரு பாத்திரம், முறை வைத்து ஆளுக்கு நாலு வரி. கதையை நடத்துகிறவர் ஒரு நர்ஸம்மா. நீதிபதியும் அவரே. நம்மவர் எடுத்துக்கொண்ட பாத்திரம்தான் வக்கீல். அடேயப்பா, அந்த வக்கீல் பேசாத பேச்சா. எதிராளி வாயைத் திறப்பதற்குள் வாயடைக்க வைத்துவிடுவான்.

அங்கே புதிதாகச் சேர்ந்தார் ஒரு லாரி டிரைவர். அவருக்குக் கப்பல் கேப்டன் வேஷம். சேர்ந்த சூட்டோடு சூடாக எழுதிவிட்டார்: 'கேப்டன் மேசையில் ஓங்கிக் குத்தினார். வக்கீல் பேச்சு வராமல் திணறித் தலைகுனிந்தார்.'

கண்ணாடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த ஒரே இடத்திலுமா? ஆனால் எல்லார் முன்னாலும் ஒருவரை மட்டம்தட்டுவது அவருக்கு ஆகாது. தனியாக எழுதினார்.

"உங்க கேப்டன் குத்தட்டும், கத்தட்டும், அது உங்க இஷ்டம். என் ஆள் திணறுவானா திருப்பிக் கொடுப்பானான்னு நான்தான் எழுதணும். அடுத்தவங்க ஆளை நாம அசைக்கக் கூடாது. அவங்க முறைன்னா காத்திருக்கணும், எவ்வளவு லேட்டானாலும்."

"தப்புத்தான் சார். லாரி ஓட்டுறவன், முன்னாடி நிக்கிறவன் நகரலைன்னா ஹாரன் அடிச்சே பழக்கம்" என்று பதில் வந்தது. எழுதியதையும் அழித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அப்படி ஒரு ஒட்டுதல்.

வினை அந்த ஒட்டுதலில்தான் வந்தது. கதையில் கேப்டன் மேல் கொலைப்பழி. கடைசி விசாரணை. வக்கீல் வாதாடினால் விடுதலை, இல்லாவிட்டால் தூக்கு. "இதை மட்டும் போன் கால்ல பேசி முடிப்போமா? வக்கீல் சார் வாதத்தைக் காதால கேட்கணும்" என்று டிரைவர் ஆசைப்பட்டார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். "யாருக்காவது சங்கடம்னா சொல்லிடுங்க, எழுதியே முடிச்சிடலாம்" என்று நர்ஸம்மா முறையாகக் கேட்கவும் கேட்டார். கண்ணாடிக்காரர் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் யார் கண்ணுக்கும் அந்த வக்கீல் வக்கீலாகத் தெரிய மாட்டான் என்ற பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கூடத்து மேசையில் ஸ்பீக்கர் போட்டு வைத்த போன், அடுப்படியில் அக்கா. "வக்கீல் தொடங்கலாம்" என்றார் நர்ஸம்மா.

"கனம் நீதிபதி அவர்களே" வந்துவிட்டது. "இந்தக் கேப்டன்" கூட வந்துவிட்டது. அடுத்து "கு... கு..." அவ்வளவுதான், அடைத்துக்கொண்டது. அழைப்பைத் துண்டிக்க விரல் போனது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஈரக்கையோடு ஓடிவந்து போன் மேல் குனிந்தாள். "குற்றவாளின்னு சொல்ல வர்றான். அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

போச்சு. கட்சிக்காரனைத் தூக்கிலும் போட்டாயிற்று, மானத்தையும் வாங்கியாயிற்று. கண்ணாடிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அக்கா, வணக்கம்" என்றது டிரைவரின் குரல். "அது அவர் வசனம்க்கா. அவர்தான் சொல்லணும். தூக்குல தொங்கப் போறவன் நான், எனக்கே அவசரம் இல்லை. நாங்க இருக்கோம்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நகராமல் நின்றாள். போனில் ஒருத்தரும் பேசவில்லை. யார் வீட்டிலோ குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. கண்ணாடிக்காரர் விரலை எடுத்துக்கொண்டார்.

"...குற்றம் செய்யலை" என்றார். அதற்கப்புறம் வாதம் முழுவதையும் பேசினார். நின்று நின்றுதான் வந்தது. எந்த இடத்திலும் எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கேப்டனுக்கு விடுதலை கிடைத்தது.

மறுநாள் காலை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு "சக்கரை..." என்றார். அக்காவின் கரண்டி ஏற்கெனவே டப்பாவுக்குள் இருந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பவில்லை.

"சக்கரை வே... வே... வேண்டாம்க்கா. எனக்கு இனிப்பே ஆகாது."

"எப்பலேருந்துடா?"

"சி... சின்ன வயசுலேருந்தே."

அக்கா கரண்டியை விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "இன்னும் என்னெல்லாம் சொல்ல வந்தே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.